கபடி நடுவர் பயிற்சி முகாமுக்குப் போகும் முன் யாரும் எனக்குச் சொல்லாதவை

கோடை விடுமுறை வந்துவிட்டால் நடுவர் பயிற்சி முகாம்களின் பேச்சும் வந்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து உடற்கல்வி ஆசிரியர்களும், விளையாடி முடித்த கபடி வீரர்களும் பணம் கட்டிப் பெயர் கொடுப்பார்கள். அவர்களுக்காகவும், அவர்களுக்குக் கற்றுத்தரப் போகும் மூத்த நடுவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் அரூர் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரி நாட்களில் கபடி ஆடியவள். முதல்முறை முகாமுக்குப் போனபோது எனக்கு முன்னால் அங்கே போய் வந்த ஒரு பெண்ணைக்கூட எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆண்டு அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

முதலில் பணக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணம், நடுவர் சீருடை, புது ஷூ, விசில், தங்குமிடம், சாப்பாடு, அரூரிலிருந்து ஊத்தங்கரை, மத்தூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் பஸ் செலவு எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாயை நெருங்கிவிட்டது. முகாம் நாட்களைப் பள்ளியில் சம்பளமில்லா விடுப்பாக எழுதிக்கொண்டார்கள். தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர்கள் என்ன வாங்குகிறோம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஏறக்குறைய ஒரு மாத வருமானம் போயிற்று. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

காலை வகுப்புகளைக் குறை சொல்ல மாட்டேன். விதிகளை நன்றாகவே நடத்தினார்கள். ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர் ஆடுகளம், பெண்களுக்கு 12-க்கு 8. ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டே எதிரணிப் பக்கம் போய்வரும் ஒரு ரெய்டுக்கு 30 நொடி. பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டை 2 நிமிடம் வெளியே, சிவப்பு அட்டை ஆட்டத்தை விட்டே வெளியே. ஒரு ஆட்டத்துக்கு ரெஃப்ரி ஒருவர், அம்பயர் இருவர், ஸ்கோரர் ஒருவர், துணை ஸ்கோரர் இருவர் என்று 6 பேர் வேண்டும், அவரவர் வேலை என்ன என்பதெல்லாம் தெளிவாகச் சொன்னார்கள். இரவு உட்கார்ந்து படித்தால் எழுத்துத் தேர்வில் மதிப்பெண் வாங்கிவிடலாம். சிக்கல் மாலையில்தான். பள்ளி மாணவர்களை இரண்டு அணியாக்கி ஆடவிட்டு, எங்களை மாற்றி மாற்றி நடுவராக நிறுத்துவார்கள். நடுவரை உருவாக்குவது அந்த மாலை நேரம்தான். அங்கேதான் எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை.

நான் அம்பயராக நின்ற முதல் ஆட்டத்தில் ஒரு ரெய்டருக்குப் போனஸ் புள்ளி கொடுத்தேன். களத்தின் கடைசிக் கோடான எண்ட் லைனுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மூத்த நடுவர் அங்கிருந்தே, “என்னத்தைப் பார்த்து விசில் ஊதினீங்க மேடம்? கவனமே இல்லையே!” என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். புள்ளியையும் ரத்து செய்யச் சொன்னார். ஆடிக்கொண்டிருந்த பையன்களுக்கு 16 வயது இருக்கும். அந்த நொடியிலிருந்து நான் விசில் ஊதினால் அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தார்கள். அவுட் ஆனவன் வெளியே போகாமல் அவர் முகத்துக்காகக் காத்து நின்றான். எனக்குக் காது சூடாகி, அதன் பிறகு யார் எங்கே கால் வைத்தார்கள் என்பதே கண்ணில் படவில்லை. அந்தப் போனஸ் சரியா தவறா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் எதைப் பார்த்தார், நான் எதைப் பார்க்கத் தவறியதாக நினைத்தார் என்று ஆட்டம் முடிந்த பிறகும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் பக்கத்தில் போய்க் கேட்டேன். “இன்னும் கவனமா இருங்க” என்றார், அவ்வளவுதான்.

கவனம் எனக்கு இல்லாமல் இல்லை. எதன் மேல் வைக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. கபடி ஆடாதவர்களுக்கு இது புரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். எதிரணியில் 6 பேருக்குக் குறையாமல் களத்தில் இருந்தால்தான் போனஸ் உண்டு. ரெய்டரின் ஒரு கால் போனஸ் கோட்டுக்கு அப்பால் தரையில் படும்போது பின்கால் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும். அதே நொடியில் அவர் பாட்டை விட்டுவிடாமல் இருக்கிறாரா என்று காது கேட்க வேண்டும். பக்கவாட்டில் தடுப்பாட்டக்காரர் யாராவது எல்லையைத் தாண்டுகிறாரா என்று கண் பார்க்க வேண்டும். ஆடிப் பழகியவர்களுக்குக் கண் இயல்பாகவே ரெய்டரின் கைக்கும் இடுப்புக்கும்தான் போகும், ஏனென்றால் பிடிப்பதற்கு அதைத்தான் பார்த்திருக்கிறோம். நடுவர் வேலைக்கு அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும். இதை ஒரே ஒரு வாக்கியத்தில் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த நாளிலிருந்து என்னை ஸ்கோர் மேசையில் உட்கார வைத்தார்கள். “மேடம் கையெழுத்து முத்து மாதிரி இருக்கு” என்றார்கள். முகாமுக்கு வந்திருந்த மற்றப் பெண்களும் பெரும்பாலும் மேசையில்தான். ஸ்கோரர் வேலை எளிதானது என்று சொல்ல வரவில்லை. ஓடுகிற ஆட்டத்தில் யார் எந்த வரிசையில் அவுட் ஆனார்கள், யார் திரும்பி உள்ளே வர வேண்டும் என்று பிசகாமல் வைத்திருப்பது பெரிய வேலை. ஆனால் செய்முறைத் தேர்வு வைத்தது அம்பயராக நிற்பதில். ஆண்கள் தினமும் களத்தின் நடுவே நின்று பழக, நாங்கள் பேனாவோடு பழகினோம்.

இன்னொன்றைக் கடைசி நாளில்தான் கண்டுபிடித்தேன். ஆண்கள் தங்கியிருந்த விடுதி அறையில் ஒவ்வொரு இரவும் மூத்த நடுவர்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அன்றைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, “நீ அங்கே நின்றது தப்பு, இந்தப் பக்கம் வந்திருந்தால் காலைப் பார்த்திருப்பாய்” என்று டீ டம்ளரை நகர்த்தி நகர்த்தி விளக்கியிருக்கிறார்கள். உண்மையான பாடம் அங்கே நடந்திருக்கிறது. பெண்கள் தங்கியது ஊருக்குள் வேறொரு இடத்தில். ஒன்பது மணிக்கு மேல் வெளியே வர முடியாது. வரவும் யாரும் கூப்பிடவில்லை. யாரும் வேண்டுமென்றே எங்களை ஒதுக்கியதாக நான் நினைக்கவில்லை. பழகிய இடத்தில் பழகியவர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் நாங்களும் அதே கட்டணம்தான் கட்டியிருந்தோம். எங்களுக்குக் கிடைத்தது மைதானத்தில் விழுந்த சத்தம் மட்டும்.

செய்முறைத் தேர்வில் நான் தேர்ச்சி பெறவில்லை. எந்தப் பகுதியில் குறைந்தது என்று கேட்டதற்கு, “பரவாயில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம்” என்று பதில் வந்தது. மத்தூர் தாண்டும் வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தேன். தோற்றது வலித்தது. பணத்தையும் ஒரு மாத உழைப்பையும் கொடுத்துவிட்டு, எதைத் திருத்த வேண்டும் என்று ஒரு வரிகூடத் தெரியாமல் திரும்புகிறோமே என்பது அதைவிட வலித்தது. பள்ளியில் “என்ன டீச்சர், ரெஃப்ரி ஆகிவிட்டீர்களா?” என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பருவமே போய்விட்டது.

எனக்கு வழி காட்டியவர் ஒரு ஊர்ப் போட்டியில் கிடைத்தார். பொங்கலை ஒட்டி நம் பக்கத்துக் கிராமங்களில் மின்விளக்குப் போட்டுச் செம்மண் களத்தில் இரவெல்லாம் கபடி நடக்குமே, அப்படி ஒன்று. ஸ்கோர் எழுத வந்த ஒரு பெரியவர், பல ஆண்டுகள் நடுவராக இருந்து ஓய்ந்தவர். நான் முதல் ஆட்டத்துக்கு நிற்கும் முன்பே கூப்பிட்டு, “டீச்சர், இந்த ஆட்டத்துல உங்க கண்ணு எங்க இருக்குன்னு மட்டும் பாக்கிறேன். மத்த எதையும் பாக்க மாட்டேன்” என்றார். ஆட்டம் முடிந்ததும் உடனே எதுவும் பேசவில்லை. சோடா வாங்கிக் கொடுத்தார். பிறகு, “எந்த முடிவு இன்னும் மனசுல ஓடுது?” என்று கேட்டார். நான் சொன்னேன். அடுத்த ஆட்டத்துக்கு அணிகள் வருவதற்குள் என்னைக் களத்துக்குள் கூட்டிப்போய், ஒரு பையனை ரெய்டர் நின்ற இடத்தில் நிறுத்தி, நான் நின்ற இடத்தில் என்னை நிறுத்தினார். அங்கிருந்து அந்தப் பையனின் முதுகுதான் தெரிந்தது. இரண்டு அடி விலகி நிற்கச் சொன்னார். இரண்டு பாதமும் தெரிந்தன. “ரெய்டர் நடுக்கோட்டுக்கு வரும்போதே எதிர்ப்பக்கம் எத்தனை பேருன்னு எண்ணிடுங்க. ஆறுக்குக் குறைஞ்சா போனஸைப் பத்தி நினைக்கவே வேண்டாம், கண்ணுக்கு ஒரு வேலை மிச்சம்” என்றார். அவ்வளவும் ஐந்து நிமிடத்துக்குள். ஒரு முகாம் முழுக்கக் கிடைக்காதது அந்த ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. அடுத்த முறை தேர்ச்சி பெற்றேன்.

இப்போது முகாம்களில் புதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கும் வருகிறது. அந்தப் பெரியவர் செய்ததைத்தான் செய்கிறேன், ஆனால் அதற்குள் இருக்கும் காரணங்களை இப்போது தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. மூத்த நடுவர்களுக்கு முதல் வேண்டுகோள்: ஆட்டம் நடக்கும்போது வெளியிலிருந்து முடிவை மாற்றாதீர்கள். பயிற்சி ஆட்டத்தில் ஒரு புள்ளி தவறாகப் போனால் யாருக்கும் கோப்பை போகப்போவதில்லை. ஆனால் நீங்கள் ஒருமுறை குரல் கொடுத்துவிட்டால் அந்த நடுவரின் விசிலுக்கு அன்றைக்கு மதிப்பு முடிந்தது. யாருக்காவது அடிபடும் நிலை வந்தால் தவிர, வாயை மூடிக்கொண்டு நோட்டில் எழுதுங்கள்: எந்தப் பாதி, எந்த ரெய்டு, அவர் எங்கே நின்றார், எப்போது ஊதினார். இடைவேளையில் சொல்வதானால் உடனே செய்யக்கூடிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள். “ஒரு அடி தள்ளி நில்” என்றால் அவரால் செய்ய முடியும். “தைரியமாக இரு” என்றால் என்ன செய்வார்?

ஆட்டம் முடிந்ததும் நீங்கள் பேசுவதற்கு முன் அவரைப் பேச விடுங்கள். இதன் பலனை நான் ஒரு இளைஞரிடம் நேராகக் கண்டேன். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்தவர், விதிகள் மனப்பாடம். ஆனால் விசில் எப்போதும் ஒரு நொடி தாமதம். பார்த்தவர்கள் எல்லோரும் “உறுதி போதாது, இன்னும் அழுத்தி ஊது” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அவரிடம், “ஊதுவதற்கு முன் அந்த ஒரு நொடி என்ன செய்கிறாய் தம்பி?” என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, “எதிர்ப்பக்க அம்பயர் முகத்தைப் பார்க்கிறேன் மேடம்” என்றார். மேலும் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. சொந்த ஊர்ப் போட்டியில் அவர் ஒரு அவுட் கொடுத்து, கூட்டம் உள்ளே வந்து அவரைச் சூழ்ந்திருக்கிறது. அன்றிலிருந்து தனியாக முடிவு சொல்லப் பயம். இதை விசில் பயிற்சியால் சரிசெய்ய முடியுமா? நானும் அவரோடு நின்ற அம்பயரும் சேர்ந்து ஒன்று பேசிவைத்தோம்: எந்தக் கோட்டுக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் முதலில் சொல்வது, மற்றவர் சந்தேகம் இருந்தால் மட்டும் கை தூக்குவது. அடுத்தடுத்த ஆட்டங்களில் தாமதம் குறைந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அவர் இன்றும் “உறுதி போதாதவர்” என்ற பெயரோடுதான் இருந்திருப்பார்.

ஒரு ஆட்டத்துக்கு ஒரு குறை போதும். என் நோட்டில் பத்து இருக்கும், ஒன்றைத்தான் எடுப்பேன். சொன்னதை ஒரு சீட்டில் இரண்டு வரியாக எழுதிக் கொடுப்பேன், ஏனென்றால் களைப்பில் கேட்டது காலையில் நினைவிருக்காது. அடுத்த ஆட்டத்தில் நானே போய் அந்த ஒன்றைப் பார்ப்பேன். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சொன்னவர் திரும்ப வந்து பார்க்கவில்லை என்றால், அது அவருக்கே முக்கியமில்லை என்று கேட்டவர் முடிவு செய்துகொள்வார். பாராட்டுக்கும் இதே அளவுகோல்தான். “சூப்பர் மேடம்” என்பதை வைத்துக்கொண்டு நாளைக்கு எதையும் திரும்பச் செய்ய முடியாது. “பாட்டுத் தாமதமாகத் தொடங்கியதை நடுக்கோட்டிலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினீர்கள்” என்றால் அவருக்குத் தெரியும், தன் காது சரியாக வேலை செய்கிறது என்று.

ஆளைப் பற்றிப் பேசாமல் செயலைப் பற்றிப் பேசுவதைப் பெண்கள் விஷயத்தில் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். “குரல் பத்தாது, கூச்சப்படுறீங்க” என்று எனக்கும் சொன்னார்கள், இன்று வருகிற பெண்களுக்கும் சொல்கிறார்கள். கைச்சைகை தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது என்று சொன்னால் அடுத்த ஆட்டத்தில் உயர்த்திக் காட்டலாம். கூச்சம் என்று சொன்னால் இருந்த கை இன்னும் கீழே இறங்கும்.

மூத்தவர்களுக்குள் ஒற்றுமை இல்லாவிட்டால் புதியவர்கள்தான் நசுங்குவார்கள். காலையில் ஒருவர் உள்ளே நெருங்கி நில் என்பார், மாலையில் இன்னொருவர் ஏன் நெருங்கினாய் என்பார். விதியிலேயே இரண்டு கருத்து வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் இறுதியாட்டம் என்னவாயிற்று? இந்தியாவும் ஈரானும் 28–28 என்று சமநிலையில் இருக்க, இந்திய ரெய்டர் பவன் செராவத் யாரையும் தொடாமல், களத்தின் பக்கவாட்டுப் பட்டையான லாபிக்குள் கால் வைத்தார். பின்தொடர்ந்த ஈரான் வீரர்களும் லாபிக்குள் போனார்கள். ரெய்டர் மட்டும் அவுட்டா, பின்தொடர்ந்தவர்களும் அவுட்டா என்பதில் பழைய விதி, புதிய விதி என்று தகராறு வந்து, முடிவு மாறி மாறி, ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் இந்தியா 33–29 என்று வென்றது. அவ்வளவு பெரிய மேடையிலேயே இப்படி என்றால், ஊத்தங்கரையிலிருந்து முதல்முறையாக வந்து நிற்கும் ஒரு ஆசிரியர் என்ன செய்வார்? அதனால் முகாம் தொடங்கும் நாள் காலையில் கற்றுத்தரும் எல்லோரும் அரை மணி நேரம் உட்கார்ந்து, லாபி, போனஸ், நிற்கும் இடம் இவற்றில் இந்த முகாமில் என்ன சொல்லப் போகிறோம் என்று பேசி முடித்துவிட வேண்டும். நான் இருக்கும் முகாம்களில் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

அதேபோல, குறைநிறை பேசும் நேரம் மைதானத்தில், வெளிச்சம் இருக்கும்போது, எல்லோரும் இருக்கிற இடத்தில் அமைய வேண்டும். தனியாகச் சொல்ல வேண்டியதை ஓரமாக அழைத்துச் சொல்லலாம், ஆனால் அதுவும் மைதானத்திலேயே. அரூருக்கோ பாலக்கோட்டுக்கோ கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களை முதல் ஆட்டத்தில் நிறுத்துங்கள், பேசிவிட்டுப் போகட்டும். யார் எந்த நாளில் அம்பயர், யார் ஸ்கோரர் என்ற பட்டியலை முதல் நாளே எழுதி ஒட்டிவிட்டால் “கையெழுத்து நன்றாக இருக்கிறது” என்ற பேச்சுக்கு இடமில்லை.

பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: கட்டணத்தில் தங்குமிடமும் சாப்பாடும் அடக்கமா, தேர்ச்சி பெற்றால் எந்த அளவிலான போட்டி வரை நிற்கலாம், ஒவ்வொருவருக்கும் எத்தனை ஆட்டம் நடுவே நிற்கக் கிடைக்கும், மறுதேர்வுக்குத் தனிக் கட்டணமா. கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று நான் கேட்காமல் போனேன். இப்போது கேட்பவர்களிடம் யாரும் கோபித்துப் பார்த்ததில்லை. ஆட்டத்துக்கு முன் ஒரு மூத்தவரிடம் போய், “இந்த ஆட்டத்தில் நான் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் சார்” என்று கேளுங்கள். பொதுவாக “எப்படி இருந்தது?” என்றால் பொதுவான பதில்தான் வரும். ஆடுகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்பதால் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, உங்கள் ஆட்டத்தைத் தோழி ஒருவரைப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். எண்ட் லைனுக்குப் பின்னாலிருந்து எடுத்தால்தான் நீங்களும் ரெய்டரும் ஒன்றாகத் தெரிவீர்கள். பாதி ஆட்டம் போதும். இரவு அதைப் பார்க்கும்போது ஆட்டத்தைப் பார்க்காமல் உங்களை மட்டும் பாருங்கள்.

தேர்ச்சி கிடைக்கவில்லை என்றால் எந்தப் பகுதியில் குறைந்தது என்பதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நிற்கும் இடமா, சைகையா, விதியா, விசிலா, ஒரு வரி போதும். முகாம் கலைந்த பிறகு யாரையும் பிடிக்க முடியாது, ஆகவே அன்றைக்கே, பை கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.